வெள்ளிக்கிழமைச் சூரியன்

பிணம் இருமியது.

"இன்னா லில்லாஹி…" என்று ஆரம்பித்திருந்த கூட்டம் பாதியில் வாயை மூடிக்கொண்டது. ஜனாஸா என்னும் மரண அறிவித்தலுக்காகப் பள்ளிவாசலுக்கு ஓடியவரைப் பிடித்துவர இன்னொருவர் ஓடினார்.

"மனிசன் உசுரோட இரிக்கார். ஓட்டோவ கொண்டாங்க, கெதியா."

கல்முனைக் கடைத்தெரு. யுத்தம் முடிந்து சில மாதங்களே ஆன 2009. வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிந்து ஜனங்கள் பள்ளியிலிருந்து வெளியே வந்த நேரம்.

கச்சிமுகம்மது ஹாஜியாரின் ஜெனரேட்டர் கடையிலிருந்து நீலப் புகை கசிவதை முதலில் கண்டவர், பக்கத்தில் நெட் கஃபே வைத்திருக்கும் ஆதம்பாவா. ஷட்டர் உள்ளே பூட்டியிருந்தது. அலவாங்கு போட்டு நெம்பினார்கள்.

உள்ளே ஒரு குட்டி ஜெனரேட்டர் குடுகுடுவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்திலேயே கம்ப்யூட்டர் மேசை. விசைப்பலகையில் கன்னத்தை வைத்து ஹாஜியார் கிடந்தார்.

ஊரெல்லாம் கரண்ட் இல்லை. அவருடைய திரையில் மட்டும் வெளிச்சம்!

அதில் சாவைச் சொல்லும் ஒரு வரி…

'அந்த மெஷின்தான் உங்கள ஒரு நாளைக்கு மவுத்தாக்கும். இருந்து பாருங்க. — சூரியன்.'

ஹாஜியாரை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள்.

கூட்டத்தின் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள் சுலோஜனா. அவள் ஆதம்பாவாவின் நெட் கஃபேயில் கவுண்டரைப் பார்ப்பவள். பக்கத்துத் தமிழூரான பாண்டிருப்புக்காரி. அந்த வரியை எழுதியது யார் என்று அவளுக்குத் தெரியும்.

அதைவிடக் கெட்ட விஷயம் ஒன்றும் தெரியும்.

ஹாஜியார் கடையின் பின்கதவுக்கு வெளியே கொண்டி போட்டு வைத்தது… அவள்தான்!

*

சப்-இன்ஸ்பெக்டர் புண்ணியமூர்த்தி ஜீப்பை விட்டு இறங்கும்போதே கேள்வியோடு இறங்கினார்.

"ஆர் இந்தச் சூரியன்?"

யாருக்கும் தெரியவில்லை. ஆனால் சூரியனைத் தெரியாத ஆளும் அந்தத் தெருவில் இல்லை.

விஷயம் இதுதான். நெட் கஃபேக்கு ஆள் சேர்க்க ஆதம்பாவா ஒரு விவாத மேடையை இணையத்தில் திறந்திருந்தார். பெயர், 'கல்முனைக் கலகலப்பு.' காசைத் தங்கத்தில் போடுவதா, காணியில் போடுவதா? சைனா ஃபோன் உழைக்குமா? கேம் விளையாடினால் மூளை வளருமா, கரையுமா? புனைபெயரில் வந்து யாரும் யாரையும் வெளுக்கலாம்; பொழுதுபோக்கச் சுடும் கேம் ஒன்றும் அதிலேயே உண்டு. நேரில் கண்டால் 'என்ன, சுகமா?' என்று கேட்கிறவர்கள் அங்கே போய் ஒருவர் வேட்டியை ஒருவர் உருவிக்கொண்டிருந்தார்கள்.

அதில் பெரிய சண்டை, ஜெனரேட்டரா சோலாரா. ஒரு பக்கம் 'வோல்டேஜ் சிங்கம்.' அது ஹாஜியார் என்று ஊருக்கே தெரியும். மறுபக்கம் சூரியன். அது யார் என்று ஒருவருக்கும் தெரியாது.

புண்ணியமூர்த்தி கடையைச் சுற்றி வந்தார். ஷட்டரில் உள்பூட்டு. பின்கதவில் வெளிக் கொண்டி. அந்தக் கதவு திறப்பது ஒரு முடுக்குக்குள். அதே முடுக்கில்தான் நெட் கஃபேயின் பின்கதவும்.

"ஹாஜியார் இண்டைக்கு ஜும்மாவுக்கு வந்தவரா?"

ஆதம்பாவா தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டார்.

"ஓம் சேர். வந்தார்."

"கண்டீங்களா?"

"கண்டன். எனக்கு முன் சப்புல, முன் வரிசையிலதான் நிண்டவர்."

"நானும் கண்டன்" என்றார் புடைவைக் கடைக்காரர்.

"எனக்கு ஸலாம் சொன்னவர்" என்றார் மூன்றாவது ஒருவர்.

சுலோஜனா மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மூன்று பேரும் சொல்வது பொய்! பள்ளியில் குத்பாப் பிரசங்கம் நடந்துகொண்டிருந்த நேரம் முழுக்க வோல்டேஜ் சிங்கம் இணையத்தில் கர்ஜித்துக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டர் ஓடும் சத்தத்தைக் காதால் கேட்டவள் அவள். கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் இருந்து எழுதுகிறார், மெஷினை நிற்பாட்ட மறந்துவிட்டார் என்று நினைத்திருந்தாள்.

வாயைத் திறந்து சொல்லிவிடலாம். ஆனால் 'ஜும்மா நேரம் உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?' என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால் ஊரில் பாதி வீட்டில் நெருப்பு!

புண்ணியமூர்த்தி விரல்களை மடக்கினார்.

"அப்ப ஜும்மா முடியும் வரைக்கும் ஹாஜியார் பள்ளியில. முடிஞ்சதும் கெதியா கடைக்கு வாறார். உள்ள ஒரு ஆள் பதுங்கியிரிக்கான். இவர மயக்கிப் போட்டுட்டு, மெஷின ஓடவிட்டுட்டு, பின்கதவால போய் வெளியால கொண்டிய போட்டுட்டான்."

"அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்ளயா சேர்?" என்றார் ஆதம்பாவா.

"கெட்டிக்காரன். அந்தச் சூரியன் எங்கயிருந்து எழுதினவன் எண்டு பார்க்கேலுமா?"

விவாத மேடையின் சாவி ஆதம்பாவாவிடம்தான். எழுதியவர் எந்த இணைப்பிலிருந்து எழுதினார் என்பது அவருக்குக் காட்டும். பொலிஸுக்கு உதவப்போகிறோம் என்ற பெருமையோடு போய், இன்வேட்டரில் ஓடிய மெஷின் ஒன்றின் முன் உட்கார்ந்தார். பார்த்தார். பெருமை வடிந்தது.

"சேர்… இது நம்மட கடை."

"ஜும்மா நேரம் உங்கட கடை பூட்டுதானே?"

"ஓம்."

"கடைச் சாவி ஆருட்ட?"

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்துவிட்டோம் என்று ஆதம்பாவாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தெருவின் கண்கள் எல்லாம் சுலோஜனாவின் மேல் வந்து நின்றன.

*

நெட் கஃபேக்குள் இரண்டே பேர். சுலோஜனாவும் புண்ணியமூர்த்தியும்.

"கதையுங்க தங்கச்சி. கதைச்சா நல்லம். கதைக்காட்டி ஜீப் நிக்குது."

ஜீப்!

தொண்ணூறாம் ஆண்டு அவளுடைய அண்ணன் ஒரு ஜீப்பில் ஏறினான். 'விசாரிச்சிட்டு விடுவம்' என்றார்கள். இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள் போலும். யுத்தம் முடிந்தது என்று பட்டாசு கொளுத்தினாலும், அவசரகாலச் சட்டம் முடியவில்லை. ஒரு தமிழ்ப் பெண், அவள் கடையிலிருந்து போன கொலை மிரட்டல், அவள் கைரேகை பதிந்த கொண்டி… உள்ளே தள்ள இது தாராளம். அவளுக்குப் பயமாக இருந்தது.

ஆனாலும் அவள் பேசவில்லை.

ஏன்?

வெள்ளிக்கிழமை பாங்கு சொன்னதும் கடைத்தெருவில் ஷட்டர்கள் இறங்கும். ஆண்கள் எல்லாரும் பள்ளிக்குள். தெருவில் ஈ, காக்கை இருக்காது. அப்போது முடுக்குப் பக்கக் கதவு மெல்லத் திறக்கும். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு ஒவ்வொருவராகப் பெண்கள் உள்ளே வருவார்கள். முஸ்லிம் பெண்களும் வருவார்கள், தமிழ்ப் பெண்களும் வருவார்கள். ஆளுக்கொரு மெஷின். ஆளுக்கொரு மீசை!

ஆம். 'கல்முனைக் கலகலப்'பில் வீராவேசமாக வெட்டிப் பேசும் ஆண்களில் பாதிப் பேர் பெண்கள்தான். 'அடிதடி மாஸ்டர்' என்பவர் தையல்காரி. காணி விலையில் ஊரையே மடக்கும் 'லண்டன் முதலாளி' ஒரு மருத்துவிச்சி. இந்த ஒரு மணித்தியாலம் ஆதம்பாவாவுக்கே தெரியாது. நடத்துவது சுலோஜனா. அவர்கள் முடுக்கில் வந்து போகும்போது பக்கத்துக் கடைக்குள்ளிருந்து யாரும் சட்டென்று வெளியே வந்துவிடக் கூடாது என்று, ஹாஜியார் கடைப் பின்கதவுக்கு அவள் முன்கூட்டியே கொண்டி போட்டுவிடுவாள். எல்லாரும் போனதும் எடுத்துவிடுவாள். இன்றைக்கு எடுப்பதற்குள் கூக்குரல் கேட்டுவிட்டது.

அப்படியானால் சூரியன்?

ஆமினா உம்மா. கச்சிமுகம்மது ஹாஜியாரின் சொந்த மனைவி!

வீடு ஆமினா உம்மாவுடையது. இந்தக் கரையில் வீடு பெண்ணுக்குத்தான். வாப்பா கட்டிக் கொடுத்தது, மாப்பிள்ளை வந்து குடியிருப்பது. தன் கூரையில் ஒரு சோலார் தகடு வைக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டுக் கேட்டாள். 'ஜெனரேட்டர்காரன் வீட்டுக் கூரையில சோலாரா? ஊர் சிரிக்கும். கரண்டப் பத்தி உனக்கு என்ன தெரியும்?' என்றார் ஹாஜியார். ஆமினா உம்மா பதில் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வந்து மீசை வைத்துக்கொண்டாள்.

பூட்டிய அறைக்குள் ஜெனரேட்டர் ஓட்டாதீர்கள், அதன் புகை ஆளைக் கொல்லும் என்று மூன்று வாரமாக அவள் எழுதிக்கொண்டிருந்தாள். அது மிரட்டல் இல்லை. பொண்டாட்டியின் கவலை. ஆனால் சூரியன் யார் என்று சொன்னால் புருஷனைக் கொல்லப் பார்த்தவள் என்றாகிவிடும். மற்றப் பெண்களின் மீசையும் ஒவ்வொன்றாக உதிரும். அந்தக் கதவு இனி எந்த வெள்ளிக்கிழமையும் திறக்காது.

சுலோஜனா மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"சூரியன் நான்தான் சேர்."

"நீங்களா?"

"ஓம். சும்மா விளையாட்டுக்கு எழுதினனான். ஹாஜியாரோட எனக்கு ஒரு கோவமும் இல்ல."

புண்ணியமூர்த்தி விசைப்பலகையை அவள் பக்கம் தள்ளினார்.

"அந்தக் கடைசி வரிய ஒருக்கா அடிச்சுக் காட்டுங்க."

அவள் அடித்தாள். பத்து விரலும் பறந்தன. அவர் மூக்கைச் சொறிவதற்குள் வரி முடிந்துவிட்டது.

"வடிவா அடிக்கிறீங்க" என்றார் அவர். "ஆனா சூரியன் ஒரு விரலால அடிக்கிற ஆள். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில ஒரு பிளேன்ரீ குடிக்கலாம். இஞ்ச சூரியன்ட கணக்குல நேரம் எல்லாம் விழுந்திரிக்கு, பாருங்க."

சுலோஜனா பார்த்தாள். விழுந்துதான் இருந்தது.

"ஆரக் காப்பாத்துறீங்க தங்கச்சி?"

"ஒருத்தரையும் இல்ல."

"காதலா?"

அந்த நிலைமையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல்லைக் கடித்து அடக்கினாள்.

"இல்ல சேர்."

"கொண்டி ஆர் போட்ட?"

"தெரியா."

"ரேகை எடுத்தா தெரியும். பிறகு என்னால ஒண்டும் செய்யேலாது. மேல இரிக்கிறவங்க வந்து கொண்டுபோவாங்க. சொல்லிட்டன்."

அவர் மிரட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். அதுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது.

"கொண்டுபோங்க" என்றாள்.

*

ஜீப் கிளம்பியது.

பின்னால் சுலோஜனா. பக்கத்தில் ஒரு பெண் கொன்ஸ்தாபிள். தெருவே திரண்டு நின்று பார்த்தது. புடைவைக் கடைக்காரர் வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆதம்பாவா மட்டும் மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துப் பின்னால் வந்துகொண்டிருந்தார்.

பஸ் டிப்போவைத் தாண்டும்போது புண்ணியமூர்த்தியின் ஃபோன் ஒலித்தது.

"ஹலோ… ஓம்… என்ன? கண் முழிச்சிட்டாரா? என்ன கேக்குறார்?"

ஃபோனை மூடினார். அவருடைய முகம் ஒரு தினுசாக இருந்தது.

"ஆஸ்பத்திரிக்கு விடு" என்றார் டிரைவரிடம்.

"என்ன சேர் கேட்டவராம்?" என்று சுலோஜனா கேட்டாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சூரியன் பதில் போட்டுட்டானா எண்டு கேட்டவராம்."

வார்டு வாசலில் ஆமினா உம்மா நின்றாள். சுலோஜனாவைப் பொலிஸோடு கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பெண் கொன்ஸ்தாபிள் ஜீப்பிலேயே இருந்தாள்; புண்ணியமூர்த்தி தாதியிடம் பேச முன்னால் போயிருந்தார்.

"உன்னையா புள்ள புடிச்ச? நான் சொல்லப்போறன். எல்லாத்தையும் சொல்லப்போறன்."

"வாய மூடிட்டு இரிங்க ராத்தா."

"நான் கடைசியா எழுதினத்துக்கு அவர் பதில் போடல்ல. வெண்டுட்டனெண்டு நான் சிரிச்சன் புள்ள. சிரிச்சிட்டு எழும்பி வீட்ட போனன். ஒரு செவத்துக்கு அங்கால அவர் மூச்சில்லாமக் கிடந்திரிக்கார்…"

ஆமினா உம்மாவின் குரல் உடைந்தது. புருஷனுக்கும் பொண்டாட்டிக்கும் நடுவில் இருந்தது ஒரு செங்கல் சுவர். அதைத் தாண்டிப் போக வேண்டிய சண்டை, எங்கெங்கோ கம்பி வழியாக உலகத்தைச் சுற்றிப் போயிருக்கிறது.

"நீங்க சொன்னா அவங்க எல்லாருக்கும் கதவடைபடும்" என்றாள் சுலோஜனா. "என்னைய நான் பார்த்துக்கொள்ளுவன்."

எப்படிப் பார்த்துக்கொள்வாள் என்று அவளுக்கே தெரியாது.

உள்ளே கட்டிலில் ஹாஜியார். மூக்கில் ஒக்சிசன் குழாய். கன்னத்தில் விசைப்பலகையின் கட்டம் கட்டமான அடையாளம் இன்னும் மறையவில்லை. பொலிஸைக் கண்டார். சுலோஜனாவைக் கண்டார். வாசலில் தொப்பியைப் பிசைந்துகொண்டு நின்ற ஆதம்பாவாவைக் கண்டார். கடைசியாக மனைவியைக் கண்டார்.

"ஆமினா… ஒரு பிளேன்ரீ வாங்கிட்டு வா."

"உங்களுக்கு இப்ப ஒண்டும் குடுக்கப்படாதாம்."

"எனக்கில்ல. சேருக்கு."

ஆமினா உம்மா சுலோஜனாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கன்டீன் பக்கம் போனாள். அவளுடைய காலடிச் சத்தம் ஓயும்வரை ஹாஜியார் காத்திருந்தார்.

"இந்தப் புள்ளைய ஏன் சேர் கூட்டிட்டு வந்த?"

"உங்களக் கொல்லப் பார்த்த கேஸ்."

"என்ன ஒருத்தரும் கொல்லப் பார்க்கல்ல. கரண்ட் போச்சி. ஷட்டர இறக்கிப்போட்டுத்தான் இருந்த. உள்ளுக்க மெஷினப் போட்டன். தலை சுத்தினது மட்டும் ஞாபகம்."

"நீங்க ஜும்மாவுல நிண்டத மூணு பேர் கண்டிரிக்காங்களே!"

"மூணு பேரும் நல்ல மனிசர்" என்றார் ஹாஜியார். "நல்லாப் பொய் சொல்லியிரிக்காங்க."

புண்ணியமூர்த்தி மெதுவாகத் திரும்பினார். ஆதம்பாவாவின் தலை நெஞ்சில் கிடந்தது.

"மவுத்தாப் போற மனிசன் எண்டு நினைச்சன் சேர். மவுத்தாகப் போற ஒருத்தர் ஜும்மாவ விட்டுட்டார் எண்டு எந்த வாயால சொல்ற? மவுத்தானவங்கட குறைய நாங்க கதைக்கிறல்ல."

"அதுக்கு உசுரோட இரிக்கிற இந்தப் புள்ளைய ஜீப்புல ஏத்துறதா?"

குற்றவாளிக்குத்தான் 'வேறிடத்தில் இருந்தான்' என்று அலிபி சொல்வார்கள். செத்துக்கொண்டிருந்தவனுக்கு அலிபி சொல்லி ஒரு கொலைக் கேஸை உண்டாக்கியது அந்த மூன்று பேர்தான்.

"தங்கச்சி, மன்னிச்சிக்க" என்றார் ஆதம்பாவா.

"பரவால்ல ஆதம்பாவா காக்கா. நீங்க பொய் சொன்னீங்க, நான் உங்களுக்குத் தெரியாமக் கடைய திறந்தன். ரெண்டும் வெள்ளிக்கிழமைதான். சரிக்குச் சரி."

"கடைய திறந்தியா?"

"பிறகு சொல்றன்."

புண்ணியமூர்த்தி விடவில்லை. "சரி ஹாஜியார். ஜும்மாவையும் விட்டுட்டு, ஷட்டரையும் பூட்டிட்டு உள்ளுக்க என்ன செஞ்ச நீங்க?"

"சூரியனோட கதைச்சன்."

"ஆர் எவனெண்டு தெரியாத ஒருத்தனோட கதைக்க ஜும்மாவ விடுறதா?"

ஹாஜியார் கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ஆரெண்டு தெரியும் சேர்."

சுலோஜனா சட்டென்று நிமிர்ந்தாள்.

"போன மாசம் தங்கமா காணியா எண்டு ஒரு சண்ட நடந்திச்சி. சூரியன் வந்து எழுதினான். 'சுனாமி வந்த நேரம் நான் நகைப் பெட்டிய விட்டுட்டு டோர்ச் லைட்ட எடுத்துக்கிட்டு ஓடினன். அண்டைக்கு ராவு முகாமுல எல்லார்ட கழுத்துலயும் தங்கம் இருந்திச்சி, வெளிச்சம் என்ட கையில மட்டும்தான் இருந்திச்சி' எண்டு." அவர் நிறுத்தி மூச்சு வாங்கினார். "இந்தக் கரையில நகைய விட்டுட்டு டோர்ச்சோட ஓடின ஒரே ஆள் என்ட பொண்டாட்டிதான் சேர். அண்டைக்கு அவளுக்கு நான் ஏசின ஏச்சு கொஞ்சமில்ல."

ஒக்சிசன் மட்டும் புஸ் புஸ் என்றது.

"வீட்டுல அவ கதைக்கமாட்டா. 'சோறு போடவா? கதவப் பூட்டவா?' அவ்வளவுதான். குற்றம் என்டதான். வாயத் திறந்தாலே உனக்கென்ன தெரியும் எண்டு கேட்டே பூட்டிப்போட்டன். அங்க வந்தா சேர், என்ன கதை! என்ன அறிவு! ஷட்டர் திறந்து கிடந்தா அவ அந்தப் பக்கம் வராமப் போயிருவா. அதுக்குத்தான் பூட்டிக்கிட்டு இருந்த."

"பின்கதவுக் கொண்டி?" என்றார் புண்ணியமூர்த்தி.

"அது இந்தத் தங்கச்சிதான் போடுற. டக்கெண்டு ஒரு சத்தம் வரும். சரி, இனி அவ வந்திருவா எண்டு நானும் இஞ்சால கம்ப்யூட்டரப் போடுவன்."

சுலோஜனா தரையைப் பார்த்தாள். ஊரை ஏமாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்குத் தன் கொண்டிச் சத்தத்துக்காகவே ஒருவர் சுவருக்கு அப்பால் காத்துக்கொண்டிருந்தார் என்று தெரிந்ததும் வெட்கமாக இருந்தது. கூடவே கண்ணும் கலங்கியது.

"ஹாஜியார், ஜும்மாவுக்குப் போங்க" என்றாள். "அவ எங்கயும் ஓடமாட்டா. முடிஞ்சு வந்து பதில் போடுங்க, ராத்தா காத்திருப்பா."

"ஓம் புள்ள. படைச்சவன் மூச்சப் புடிச்சிப் பாடம் படிப்பிச்சிட்டான்." ஹாஜியார் அவள் பக்கம் கையை நீட்டினார். "எனக்கு ஒரு உதவி செய். வோல்டேஜ் சிங்கத்துட பேருல ஒரு பதில் போடு. 'சூரியன் சேர், நீங்க சொன்னது சரி. நான் தோத்துட்டன். உங்கட அறிவுக்கு முன்னால நான் ஒண்டுமில்ல' எண்டு. நாளைக்கு அவட கூரையில தகடு பூட்ட ஆள் வரும். ஆனா எனக்குத் தெரியும் எண்டு அவளுக்குத் தெரியவேணாம். தெரிஞ்சா வெக்கத்துல எழுதாம விட்டுருவா. பிறகு நான் ஆரோட கதைக்கிற?"

ஆமினா உம்மா தேநீரோடு உள்ளே வந்தாள். எல்லாரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தார்கள்.

"என்ன சேர்?" என்றாள் அவள். "நான் ஒண்டு சொல்லணும்…"

"ஒண்டும் சொல்லத் தேவல்ல" என்றார் புண்ணியமூர்த்தி தேநீரை வாங்கிக்கொண்டு. "விபத்து. கேஸ் முடிஞ்சுது. சூரியன் ஆரெண்டு பொலிஸுக்குத் தெரியாது, தெரியவும் வேணாம்."

ஆமினா உம்மா சுலோஜனாவைப் பார்த்தாள். சுலோஜனா, ஒன்றுமே தெரியாத பூனை பாலைப் பார்ப்பதுபோல ஜன்னலைப் பார்த்தாள்.

*

வெளியே வராந்தாவில், ஆதம்பாவா மோட்டார் சைக்கிளை எடுக்கப் போனார். போகும்போதே, வெள்ளிக்கிழமைக் கதவைப் பற்றிச் சுலோஜனா சொன்னதை எல்லாம் விழுங்க முடியாமல் விழுங்கிக்கொண்டு போனார். பொய்ச் சாட்சி சொன்ன வாய்க்கு இனி என்ன பேச இருக்கிறது? 'நடத்து புள்ள, ஆனா முன்கதவால வரச் சொல்லு, அவங்களும் கஸ்டமர்தானே' என்று மட்டும் சொல்லியிருந்தார்.

சுலோஜனா வராந்தாப் படியில் உட்கார்ந்தாள். ஜீப் அங்கேயே நின்றது. அதில் ஏறாமல் வீட்டுக்குப் போகலாம் என்பது அவளுக்கு நம்ப முடியாத விஷயமாக இருந்தது.

"தங்கச்சி."

புண்ணியமூர்த்தி. சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"இது கேஸ் இல்ல. சும்மா ஒரு விளக்கத்துக்குக் கேக்குறன்."

"கேளுங்க சேர்."

"நானும் அந்தக் கலகலப்புல இரிக்கன். 'குறி தப்பாதவன்' எண்டு பேர். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஸ்டேசன்ல வேலை குறைவு… அந்தச் சுடுற கேம் விளையாடுவன். நான் எவ்வளவு எடுத்தாலும் 'குண்டுமணி' எண்டு ஒருத்தன் வந்து என்ன வெல்லுறான். வெண்டுட்டு சும்மாவும் போறானில்ல. 'ஐயாக்குத் துவக்கு பிடிக்கத் தெரியா, தும்புத்தடிய பிடிச்சு வீட்டக் கூட்டச் சொல்லுங்க' எண்டு நாலு பேர் பார்க்க எழுதிட்டுப் போறான்." அவருடைய மீசை துடித்தது. "ஆளக் கண்டா விடமாட்டன். ஆர் அவன்?"

சுலோஜனா முதலில் யோசித்தாள். பிறகு இன்றைக்குத் தன்னை ஜீப்பில் ஏற்றியவர் இவர் என்பதை நினைத்துக்கொண்டாள். அதன்பின் யோசிக்கவில்லை.

"சேர், உங்கட வீட்டம்மா வெள்ளிக்கிழமையில மரக்கறி வாங்கிட்டு வர ஏன் இவ்வளவு நேரம் எடுக்குறா எண்டு நீங்க இன்னும் விசாரிக்கல்லயா?"